அரை விநாடி தாமதத்தில் சிக்கிய சதி... ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை யார் பராமரிப்பது?

உங்க கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். அது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதாவது, அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம்.

இப்படிப்பட்ட மென்பொருட்களில் பலவற்றை ஓரிருவர் மட்டுமே, அதுவும் சம்பளம் இல்லாமல் கவனித்துக்கொள்கிறார்கள். அவர்கள் களைத்துப்போனால் என்ன ஆகும்? 2024-ல் அதற்கு விடை கிடைத்தது.

என்ன நடந்தது?

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது ஃபைல்களைச் சுருக்க உதவும் சின்ன மென்பொருள். லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இருக்கிறது. லாஸ்ஸே காலின் என்பவர் பல ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட தனி ஆளாக இதைப் பராமரித்து வந்தார்.

2021-ல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். 2022-ல் வேறு சில பெயர்களில், 'ஏன் இவ்வளவு தாமதம்? பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்க' என்று காலினுக்கு நெருக்கடி வந்தது. இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் விளக்கிப் பார்த்தார். கடைசியில் ஜியா டானுக்கும் புதிய பதிப்புகளை வெளியிடும் அதிகாரம் கிடைத்தது.

2024-ல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்கதவு ஒன்று ஒளித்து வைக்கப்பட்டது. சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழி செய்யும் நிரல் அது.

எப்படி சிக்கியது?

மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், சர்வரில் லாகின் ஆக வழக்கத்தைவிட சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். காரணத்தைத் தோண்டியபோது பின்கதவு தெரிந்தது. மார்ச் 29-ல் அதை அம்பலப்படுத்தினார். ஆபத்து அளவு: 10-க்கு 10. பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளோடு நின்றதால் உலகம் தப்பியது.

இது முதல் முறையா?

இல்லை. 2014-ல் இணையத்தை உலுக்கிய 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்தது. உலகமே நம்பியிருந்த அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான்.

2018-ல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற மென்பொருளை, தான் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்ட அதன் உரிமையாளர், கேட்டு வந்த ஒருவரிடம் ஒப்படைத்தார். பிட்காயின் திருடும் நிரல் உள்ளே நுழைந்தது.

தவறு யார் மேல்?

'எந்த உத்தரவாதமும் கிடையாது' என்றுதான் பெரும்பாலான ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் சொல்கின்றன. பராமரிப்பவரிடம் சண்டை போட யாருக்கும் உரிமை இல்லை. சிம்பிளா சொன்னா, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க ஊரே வருது. தூர் வாரத்தான் ஆள் இல்லை.

பொறுப்பை எப்படிப் பகிர்வது?

* டெபியன்: பராமரிப்பவர் கைவிட்ட மென்பொருளை 'அனாதை' என்று வெளிப்படையாக அறிவிக்கிறது. அடுத்த ஆள் தத்தெடுக்கும் வரை தரக்குழு பார்த்துக்கொள்ளும்.

* அப்பாச்சி அறக்கட்டளை: புதிய பதிப்பு வெளிவர நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் ஆதரவாக வாக்களிக்க வேண்டும். ஆள் இல்லாத திட்டங்கள் 'பரண்' என்ற பகுதிக்குப் போய்விடும். பயன்படுத்துவோருக்கும் நிலைமை தெரிந்துவிடும்.

* ஜெர்மனி: இத்தகைய மென்பொருட்களைப் பராமரிக்க 2022 முதல் அரசே நிதி தருகிறது.

நாம் என்ன செய்யலாம்?

சாதாரணப் பயனர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தாலே போதும். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள், தங்கள் தயாரிப்பு நம்பியிருக்கும் மென்பொருட்களை எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே ஒருவர் என்றால் கைகொடுங்கள்: பிழை திருத்துங்கள், நிறுவனத்திடம் நிதி கேளுங்கள். அவர் களைத்துப்போன பிறகு சாவியை வாங்க யார் வருவார் என்று சொல்ல முடியாது.