காத்திருப்போர்க்கு நீதி

ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கே பேசினால், இருவர் சொல்லும் விளங்குவதில்லை. வானொலி கேட்டுப் பழகிய நாம் இதனை நன்கறிவோம். கணிப்பொறிகளுக்கும் இச்சிக்கல் நேர்ந்தது.

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் 'அலோகா' என்னும் வானொலி வலையை இயக்கினர். மையக் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும் நிலையங்கள் பல. அவற்றுக்குரிய அலைவரிசையோ ஒன்றே. முறை வகுத்துத் தருவார் எவருமிலர். செய்தி சேர்ந்ததென்னும் மறுமொழி வாராவிடின், மோதல் நேர்ந்ததெனக் கொண்டு, குருட்டாம்போக்காகத் தேர்ந்த சிறுநேரம் பொறுத்து, நிலையம் மீண்டும் அனுப்பும். எளிய முறைதான், ஆயினும் அலைவரிசையின் ஆற்றலில் மிகுதியாய் 100-க்கு 18 பங்களவே பயன்படக்கூடும்.

பின்வந்த வலைகள் புதுவிதி ஒன்றைச் சேர்த்தன. மோதுந்தோறும் காத்திருப்பின் எல்லை இரட்டிக்கும். செய்தி சேர்ந்துவிட்டால் அது மிகச் சிறிதாகும். நெரிசல் தணிந்தது, நீதி குன்றியது. வென்றவனே மீண்டும் முந்தினான். தோற்றவன் மேலும் பின்தள்ளப்பட்டான்.

1994-இல் வடுவூர் பார்கவன் முதலிய நால்வர் இதற்கு மாற்றுக் கண்டனர். ஒவ்வொரு நிலையமும் தன் காத்திருப்பளவைச் செய்தியுடன் அறிவிக்கும். அதனைக் கேட்கும் அயல்நிலையங்கள் அவ்வளவையே மேற்கொள்ளும். நெரிசலின் சுமை இவ்வாறு பொதுவாயிற்று. எனினும் 1997-இல் வெளியான கம்பியில்லா வலைத் தரவிதி இரட்டிக்கும் முறையையே ஏற்றது.

பொதுவழி எவ்வளவு விரைவானது என்பதோடு, பின்தங்கியவனுக்கு அதில் முறை வருமா என்பதையும் நாம் கேட்டல் வேண்டுமன்றோ?