கடமைத்தகைமையும் அணுமின் நிலையமும்

1987 மார்ச் 31ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பீச் பொட்டம் அணுமின் நிலையம் அரச ஆணையால் மூடப்பட்டது. கட்டுப்பாட்டறை இயக்குநர்கள் கடமைநேரத்தில் உறங்கியமையே அதற்குக் காரணம். ஆயினும், 1989இல் அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணைக்குழு வகுத்த கடமைத்தகைமை விதிகள் முதற்கண் நாடியது ஊழியரின் சிறுநீரையும் சுவாசத்தையுமே. ஐயத்துக்கு இடமளியாதோரும் எழுந்தமானத் தெரிவின்படி சோதனைக்குட்பட்டனர். கடமைக்கு முந்திய 5 மணிநேரம் மது விலக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஊழியர் தொகைக்குச் சமமாயிருந்த எழுந்தமானச் சோதனைகளின் அளவு 1994இல் பாதியாயிற்று. குற்றஞ்சாட்டப்படாத ஒருவரின் உடலையே சான்றாகக் கேட்பது நீதியா என்னும் வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. களைப்போ நெடுங்காலம் காத்திருந்தது: 1982இல் கொள்கை வழிகாட்டலாக வெளிவந்த வேலைநேர வரையறை, 2008இலேதான் இவ்விதிகளுட் சேர்க்கப்பட்டது.