கேப் ஒயினில் கறுப்பினத்தவர் தேடிய இடம்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில் கேப் டவுன், ஸ்டெல்லன்போஸ்ஷ், பார்ல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் திராட்சைத் தோட்டங்களின் வரலாறு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி யான் வான் ரீபேக் 1655-இல் நடுவித்த கொடிகளோடும், 1659 பிப்ரவரி 2-ஆம் நாள் கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டதாக அவரது நாட்குறிப்பில் உள்ள பதிவோடும் தொடங்குவதாகவே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அந்த முதல் பிழிவுக்கு ஓராண்டு முன்பு, 1658-இல், அமெர்ஸ்ஃபோர்ட் என்னும் கப்பல் ஆப்பிரிக்க அடிமைகளை அதே கரையில் இறக்கியிருந்தது. கேப் ஒயின் பிறந்தபோதே கறுப்பினத்தவரின் கைகள் அங்கே வந்துவிட்டிருந்தன. ஆயினும் அந்த ஒயினைச் சுவைத்து மதிப்பிடவும், அதற்குத் தம் பெயரை இடவும் அவர்களுக்கு மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1652-க்கும் 1808-க்கும் இடையில் கேப்புக்குக் கடல்வழியாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். இவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்கள். மலபாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மட்டுமன்றி, பழவேற்காடும் நாகப்பட்டினமும் கம்பெனியின் துறைமுகங்களாக இருந்த சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். பிறந்த ஊரில் அவர்களுக்கு இருந்த பெயர் ஏட்டில் ஏறவில்லை. புதிதாக ஒரு பெயர் சூட்டி, அதன்பின் 'வான் கொரோமண்டல்', 'வான் பெங்காலே' என்று வந்த கரையை ஒட்டவைத்ததோடு எழுத்தர்கள் நிறுத்திக்கொண்டனர். சிலருக்கு ஏப்ரல், செப்டம்பர் என்று மாதத்தின் பெயரே பெயராயிற்று. அவை இன்றும் கேப் குடும்பங்களின் குடும்பப்பெயர்களாக வழங்கிவருகின்றன.

விதிவிலக்கும் உண்டு. வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்ற ஆஞ்செலாவின் மகள் அன்னா தே கோனிங், கேப்பின் புகழ்பெற்ற கிரூட் கான்ஸ்டான்ஷியா பண்ணையை வாங்கிய ஓலோஃப் பெர்க் என்பவரின் மனைவியாகி, 1724-இல் கணவர் இறந்தபின் அப்பண்ணையின் உரிமையாளராகவே 1734 வரை வாழ்ந்தார். ஆனால் இதை எல்லோருக்கும் திறந்த கதவாகக் கொள்ள இயலாது, ஏனெனில் அவர் காலத்திலும் அப்பண்ணையில் உழைத்தவர்கள் அடிமைகளே.

1834-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, மேலும் நான்காண்டுக் கட்டாயப் பயிற்சிக்காலம் 1838-இல் முடிந்த பிறகும், தொழிலாளர்களைப் பண்ணையோடு பிணைத்த கயிறு அறுபடவில்லை. 'டாப்' என்று ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வழங்கப்பட்ட முறை அந்தக் கயிறுகளில் ஒன்று: கூலியின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் ஒயினாகத் தருவது. விடியற்காலையில் தொடங்கி மாலை வேலை முடியும்வரை நாளொன்றுக்குப் பலமுறை, தொழிலாளர்கள் வரிசையில் நின்று தகரக் குவளையை நீட்ட, மேற்பார்வையாளர் அதை நிரப்பிக் கொடுப்பார். பெரும்பாலும் விற்பனைக்குத் தகாத மலிவான ஒயினே அவ்வாறு ஊற்றப்பட்டது. கூலி குறைந்தது, குடி பழக்கமாயிற்று, பழக்கம் தலைமுறைகளுக்குப் பரவியது. 1960-களில் சட்டம் இதைத் தடைசெய்த பின்னும் நூற்றாண்டின் இறுதிவரை சில பண்ணைகளில் இது நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவாகியுள்ள இடங்களுள் மேற்குக் கேப் ஒன்றாக இருப்பதற்கு இம்முறை விட்டுச்சென்ற தழும்பே முக்கியக் காரணம். ஒயின் என்றாலே தாயை இழந்த வீடும் தகப்பனின் தள்ளாட்டமும் நினைவுக்கு வரும் சமூகத்திலிருந்து ஒருவர் ஒயினைக் கல்வியாகவும் தொழிலாகவும் தேர்ந்தெடுப்பது எத்தனை கடினமான முடிவு என்பதை இவ்வரலாற்றை அறியாமல் உணர முடியாது.

மறுபுறம், தோட்டத்துக்கு வெளியே வாழ்ந்த ஆப்பிரிக்கருக்கு 1928-ஆம் ஆண்டு மதுச் சட்டம் ஒயினையும் ஏனைய ஐரோப்பிய மது வகைகளையும் பொதுவாக விலக்கியே வைத்தது. அத்தடை நீங்கியது 1962-இல்தான். இவ்வாறு ஒருவருக்கு ஒயின் கூலியாகத் திணிக்கப்பட்டது, மற்றொருவருக்குச் சட்டத்தால் மறுக்கப்பட்டது. சுவைத்து, ஒப்பிட்டு, நல்லது எது என்று சொல்லும் உரிமை இருவருக்குமே இல்லை.

நிறவெறி ஆட்சி சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் முதல் அசைவு தெரிந்தது. கேப் டவுன் புறநகரில் வளர்ந்த கார்மென் ஸ்டீவன்ஸ், தாயார் வீட்டில் வைத்திருந்த காதல் நாவல்களில் வந்த ஒயின் பண்ணைகளைப் படித்து அத்தொழிலின்மேல் விருப்பம் கொண்டவர். எல்சன்பெர்க் வேளாண் கல்லூரியில் மீண்டும் மீண்டும் இடம் மறுக்கப்பட்ட பின்னும் விடாமல் விண்ணப்பித்துச் சேர்ந்து, 1995-இல் ஒயின் தயாரிப்பில் பட்டயம் பெற்றார். நாட்டின் முதல் கறுப்பின ஒயின் தயாரிப்பாளராக அவரே குறிப்பிடப்படுகிறார். தென்னாப்பிரிக்கச் சட்ட வழக்கில் 'கறுப்பினத்தவர்' என்பது ஆப்பிரிக்கரையும், அடிமைகள், கோய்கோய் மக்கள், குடியேறிகள் ஆகியோரின் வழித்தோன்றல்களான கலப்பினத்தவரையும், இந்திய வம்சாவளியினரையும் ஒருங்கே குறிக்கும் சொல் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தனி ஒருவரின் பிடிவாதம் ஒரு கூட்டத்தின் பாதையாக மாறியதற்கு ஜபுலானி ண்ட்ஷங்காசே காரணமானார். நியூயார்க்கில் படிக்கச் சென்று, அங்கே ஒரு ஒயின் கடையில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்ட அவர், நாடு திரும்பியபின் தென்னாப்பிரிக்க விமான நிறுவனத்தை இணங்கவைத்து, ஒயின் தயாரிப்புப் படிப்புக்குக் கறுப்பின மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார். அவ்வாறு ஸ்டெல்லன்போஸ்ஷ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களுள் குவாசுலு-நட்டாலின் மஹ்லபதினி கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்த ன்ட்சிகி பியேலாவும் ஒருவர். வந்துசேரும்வரை ஒயினை அவர் சுவைத்ததே இல்லை. முதல் மிடறு அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பாடம் நடந்ததோ அவர் அறியாத ஆஃப்ரிகான்ஸ் மொழியில். அந்நிலையில் ஒரே வகுப்பில், ஒரே மொழியறியாமையோடு, ஒரே வகை ஊர்களிலிருந்து வந்த சிலர் அருகே இருந்தது பாடநூலுக்கு நிகரான துணையாயிற்று.

மொழி என்பது வகுப்பறை மொழி மட்டுமன்று. ஒயினைச் சுவைப்பவர்கள் அதன் மணத்தைப் பிற பொருள்களோடு ஒப்பிட்டே விவரிக்கின்றனர். அந்த ஒப்புமைப் பட்டியல் முழுவதும் ஐரோப்பியச் சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. பிறர் 'ட்ரஃபிள்' என்னும் நிலத்தடிக் காளான் மணக்கிறது என்று சொன்ன இடத்தில், தமக்கு மாட்டுச் சாணத்தின் மணமே தோன்றியதாக பியேலா நேர்காணலில் கூறியிருக்கிறார். சாணத்தால் தரை மெழுகிய வீட்டில் வளர்ந்தவர்க்கு, அவர் சூலு ஆனாலும் தமிழர் ஆனாலும், அது அருவருப்பான மணமன்று, வீட்டின் மணம். தமது மூக்கு தவறாக உணர்கிறது என்று நினைத்து வாய்மூடியிருந்த மாணவர், தம் ஊரின் சொல்லும் ஒரு சரியான விவரணையே என்று உணர்ந்த இடத்தில்தான் இத்தொழிலில் உரிமை தொடங்குகிறது. 2003-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே ஸ்டெல்லகாயா பண்ணையில் ஒயின் தயாரிப்பாளரான பியேலா, 2009-இல் நாட்டின் சிறந்த பெண் ஒயின் தயாரிப்பாளராகத் தேர்வு பெற்றார்; 2016-இல் தாமே தொடங்கிய நிறுவனத்துக்குப் பாட்டியின் பெயரான 'அஸ்லினா'வைச் சூட்டினார்.

பண்ணையில் நிகழ்ந்தது போலவே உணவகங்களிலும் நிகழ்ந்தது. உணவகத்தில் ஒயினைத் தேர்ந்து, பாதுகாத்து, விருந்தினர்க்குப் பரிந்துரைப்பவரைச் 'சொமலியே' என்பர். கேப் உணவகங்களில் இப்பணிக்கு உயர்ந்தவர்களுள் பலர், பொருளாதாரச் சரிவினால் ஜிம்பாப்வேயை விட்டு வந்து, முதலில் தோட்ட வேலையும் பாத்திரம் கழுவும் வேலையும் பார்த்தவர்கள். அவர்களுள் ஜோசப் டஃபானா, டினாஷே ந்யமுடோகா, மார்ல்வின் க்வெசே, பார்டன் டாகுசு ஆகிய நால்வர், 2017-இல் பிரான்சின் பர்கண்டியில் நடந்த உலகப் போட்டியில் ஜிம்பாப்வேயின் முதல் அணியாகப் பங்கேற்றனர். புட்டியை மறைத்துவைத்து ஊற்றப்படும் 12 ஒயின்களின் திராட்சை வகை, நாடு, ஆண்டு ஆகியவற்றைச் சுவையினாலேயே கண்டறிவது போட்டியின் விதி. அவ்வாண்டு 24 அணிகளில் 23-ஆம் இடத்தில் நின்ற அந்த அணி, மறு ஆண்டு 14-ஆம் இடத்துக்கு ஏறியது. இத்தகையோர் ஒன்றுகூடிப் புட்டிகளைப் பகிர்ந்து சுவைக்கவும், தேர்வுக்குப் பயிலவும், புதியவர்களுக்குக் கற்பிக்கவும் பிளாக் செல்லார் கிளப் என்னும் அமைப்பு 2016-இல் உருவானது. தனியாக வாங்கினால் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடிய புட்டியைப் பலர் சேர்ந்து வாங்கி ஆளுக்கொரு மிடறு பகிர்வது, இத்தொழிலில் நட்பு மட்டுமன்று, கல்வியும்கூட.

நிலம் மட்டும் எளிதில் கைமாறவில்லை. 1997-இல் பார்ல் அருகே நெல்சன்ஸ் கிரீக் பண்ணையின் தொழிலாளர்களுக்கு உரிமையாளர் நிலம் வழங்கியதால் 'நியூ பிகினிங்ஸ்' என்னும் ஒயின் பிறந்தது. 2003-இல் ரங்காகா குடும்பம் ஸ்டெல்லன்போஸ்ஷ் அருகே பண்ணை வாங்கி 'ம்ஹுடி' என்னும் ஒயினைத் தொடங்கியது. எனினும் கறுப்பின உரிமையாளர்களின் ஒயின் பெயர்களுள் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தத் தோட்டமோ பிழியும் ஆலையோ கிடையாது. பிறர் தோட்டத்தில் திராட்சை வாங்கி, பிறர் ஆலையில் இடம் எடுத்தே அவர்கள் ஒயின் தயாரிக்கின்றனர். பயணிகள் வந்து அமர்ந்து சுவைக்கத் தமக்கென ஒரு திண்ணை இல்லாத இவர்களுக்காக, ஸ்டெல்லன்போஸ்ஷில் 'வைன் ஆர்க்' என்னும் பொதுச் சுவையகம் அண்மை ஆண்டுகளில் திறக்கப்பட்டது. அங்கே பல உரிமையாளர்களின் புட்டிகள் ஒரே மேசையில் அடுத்தடுத்து நிற்கின்றன.