சிவப்பு மாளிகைக் கனவு தொலைக்காட்சித் தொடர்களுக்கான பார்வையாளர் வரவேற்பு

சிவப்பு மாளிகைக் கனவு (சீனம்: ஹோங்லோ மெங்) என்பது 18ஆம் நூற்றாண்டில் சாவோ சுவேசின் எழுதிய சீனப் புதினம் ஆகும். இது பலமுறை நாடகமாகவும் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கப்பட்டுள்ளது. சீன மக்கள் குடியரசில் உருவான தொலைக்காட்சி ஆக்கங்களுள் இரண்டு பெரிதும் பேசப்படுபவை. ஒன்று, சீன மத்தியத் தொலைக்காட்சி 1987இல் ஒளிபரப்பிய 36 பகுதிகள் கொண்ட தொடர். மற்றொன்று, 2010இல் வெளியான 50 பகுதிகள் கொண்ட தொடர். முதல் தொடர் புதினத்தின் அச்சுப் பதிப்பிலிருந்து விலகி வேறொரு முடிவை அமைத்தது; ஆயினும் பார்வையாளர் பலருக்கு அதுவே அளவுகோலாக நிலைத்தது. இரண்டாவது தொடர் அச்சுப் பதிப்பின் சொற்களையே பெரிதும் பின்பற்றியது. ஆயினும் வெளியானபோது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இவ்விரு தொடர்களையும் பார்வையாளர்கள் எதிர்கொண்ட விதத்தையும் அதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

புதினம்

சீன இலக்கியத்தின் நான்கு பெரும் புதினங்களுள் சிவப்பு மாளிகைக் கனவும் ஒன்று. பிற மூன்றும் மூவரசர் காதை, நீர்க்கரை, மேற்கு நோக்கிய பயணம் என்பனவாகும். ஜியா எனப்படும் செல்வக் குடும்பத்தின் வாழ்வும் வீழ்ச்சியும் இதன் பொருள். குடும்பத்தின் செல்லப்பிள்ளை ஜியா பாவோயூ, தாயை இழந்து பாட்டி வீட்டில் அடைக்கலம் புகும் அத்தைமகள் லின் தையூ, உறவுப் பெண் சுவே பாவோசாய் ஆகிய மூவரும் கதையின் மையத்தில் உள்ளனர். வீட்டு நிருவாகத்தைக் கையில் வைத்திருக்கும் வாங் சிஃபெங் மற்றொரு முக்கியக் கதைமாந்தர். நூற்றுக்கணக்கான பிற மாந்தர்களும் இதில் இடம்பெறுகின்றனர்.

முடிவு பற்றிய சிக்கல்

சாவோ சுவேசின் வாழ்ந்த காலத்தில் இப்புதினம் கையெழுத்துப் படிகளாகவே வழங்கியது. அப்படிகள் 80 இயல்களோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியர் இறந்த பின்னர், 1791இல் செங் வெய்யுவான், காவோ ஏ ஆகிய இருவரும் 120 இயல்கள் கொண்ட அச்சுப் பதிப்பை வெளியிட்டனர். கடைசி 40 இயல்களை எழுதியவர் காவோ ஏ என்று 20ஆம் நூற்றாண்டில் பலர் கருதினர். எனினும் 2008இல் மக்கள் இலக்கியப் பதிப்பகம் வெளியிட்ட பதிப்பு, அப்பகுதியைப் பெயர் தெரியாத ஒருவர் எழுதியதாகவும், மேற்கூறிய இருவரும் அதனைச் செப்பம் செய்ததாகவும் குறித்தது.

பழைய கையெழுத்துப் படிகளில் ஜியென்ஜாய் (செம்மைக்கல் கூடம்) என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய குறிப்புகள் காணப்படுகின்றன. தொலைந்துபோன பகுதிகளில் நிகழவிருந்தவை பற்றிய தடயங்கள் அவற்றில் உள்ளன. 5ஆம் இயலில் வரும் புதிர்ப் பாடல்களும் பெண்மாந்தர்களின் விதியை முன்கூட்டியே உணர்த்துகின்றன. இத்தடயங்களை ஆராய்வதற்கென்றே ஹோங்சுவே (சிவப்பியல்) எனும் தனி ஆய்வுத்துறை வளர்ந்துள்ளது. இதனால் இப்புதினத்தைப் படமாக்கும் எவரும், எந்த முடிவை எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டியுள்ளது.

முந்தைய திரை வடிவம்

1962இல் வெளியான யுவே இசைநாடகத் திரைப்படம் மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. இதில் பாவோயூ வேடத்தைச் சூ யூலான் என்ற பெண் கலைஞரும், தையூ வேடத்தை வாங் வென்ஜுவானும் ஏற்றனர். பண்பாட்டுப் புரட்சிக்குப் பின் 1978இல் இப்படம் மீண்டும் திரையிடப்பட்டது. இது 120 இயல் பதிப்பின் முடிவைப் பின்பற்றியது. மணமகள் தையூ என்று நம்பவைத்துப் பாவோயூவுக்குப் பாவோசாயை மணமுடிக்கின்றனர். அந்நேரத்தில் தையூ தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிர்விடுகிறாள். புதினத்தைப் படிக்காதவர்கள் பலரும் கதையின் முடிவை இவ்வாறே அறிந்திருந்தனர்.

1987ஆம் ஆண்டுத் தொடர்

உருவாக்கம்

இத்தொடரை வாங் ஃபுலின் இயக்கினார். சிவப்பியல் அறிஞர் ஜோ ருசாங், எழுத்தோவியக் கலைஞர் சிகோங் முதலியோர் ஆலோசகர்களாக விளங்கினர். முதன்மை வேடங்களுக்குப் பெரும்பாலும் புகழ்பெறாத இளைஞர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். தையூவாக நடித்த சென் சியாவோஷூ, தாம் எழுதிய கவிதையொன்றையும் ஒளிப்படத்தையும் தயாரிப்புக் குழுவுக்கு அனுப்பித் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர். பாவோயூவாக ஓயாங் ஃபென்சியாங்கும், பாவோசாயாக ஜாங் லியும், வாங் சிஃபெங்காகத் தெங் ஜியேயும் நடித்தனர்.

1984இல் நடிகர்களுக்குப் பெய்ஜிங்கிலுள்ள பழைய கோடை அரண்மனைப் பகுதியில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. புதினத்தைப் படித்தல், அறிஞர்களின் விரிவுரை கேட்டல், இசைக்கருவி, ஓவியம், பழங்கால நடையுடை ஒழுக்கம் ஆகியன அப்பயிற்சியில் அடங்கின. கதையில் வரும் பெருந்தோட்டம் பெய்ஜிங்கில் உண்மையாகவே கட்டப்பட்டது. ஜியா குடும்பத்தின் மாளிகை ஹெபெய் மாகாணத்தின் ஜெங்திங் நகரில் எழுப்பப்பட்டது. இவ்விரண்டும் பின்னர் சுற்றுலாத் தலங்களாயின. இசையமைப்பாளர் வாங் லிபிங் புதினத்திலுள்ள பாடல்களுக்கு மெட்டமைக்க நான்கு ஆண்டுகளுக்கும் மேல் செலவிட்டார். அவற்றைப் பாடிய சென் லி, சாங்சுன் நகரின் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிவந்தவர்.

வரவேற்பு

தொடர் முழுமையாக 1987ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒளிபரப்பாயிற்று. நடிகர்களின் பொருத்தமும் இசையும் பரவலான பாராட்டைப் பெற்றன. உதிர்ந்த மலர்களைத் தையூ மண்ணில் புதைக்கும் காட்சியும் அதற்கான பாடலும் தொடரின் அடையாளமாகவே ஆயின.

இருப்பினும் எதிர்ப்புகளும் இருந்தன. அவற்றுள் முதன்மையானது முடிவு பற்றியது. தொடரின் இறுதிப் பகுதிகள் 120 இயல் பதிப்பை விடுத்து, சிவப்பியல் அறிஞர்களின் ஊகங்களைத் தழுவி எழுதப்பட்டன. இதன்படி ஏமாற்றுத் திருமணம் நிகழ்வதில்லை. பாவோயூ தொலைவில் இருக்கும்போது தையூ இறக்கிறாள். குடும்பம் அரச தண்டனைக்கு உள்ளாகிறது. பாவோயூவும் சிஃபெங்கும் சிறைப்படுகின்றனர். சிஃபெங்கின் உடல் பாயில் சுற்றப்பட்டுப் பனியில் இழுத்துச் செல்லப்படுகிறது. இறுதியில் பாவோயூ வெண்பனி வெளியில் தனியே நடந்து மறைகிறான்.

இதனை ஆதரித்தவர்கள், ஆசிரியர் கருதிய முழு அழிவு இதில்தான் உள்ளது என்றும், அச்சுப் பதிப்பில் குடும்பம் ஓரளவு மீள்வது அவருடைய நோக்கத்துக்கு முரணானது என்றும் வாதிட்டனர். எதிர்த்தவர்கள், இரு நூற்றாண்டுகளாக மக்கள் படித்துக் கண்ணீர் சிந்திய காட்சிகளை ஊகத்தின் பேரில் நீக்குவது முறையன்று என்றனர். கடைசிப் பகுதிகள் விரைந்து செல்கின்றன என்ற குறையும் கூறப்பட்டது.

மற்றொரு குறை, புதினத்தின் புராணச் சட்டகம் சுருக்கப்பட்டது பற்றியதாகும். பாவோயூ கனவில் மாய உலகுக்குச் சென்று பெண்களின் விதிப் பாடல்களைக் காணும் 5ஆம் இயல் நிகழ்ச்சி காட்டப்படவில்லை. இதனால் கனவு என்னும் தலைப்பின் பொருளே குன்றிவிட்டது எனச் சிலர் கருதினர்.

நடிகரும் கதைமாந்தரும்

சென் சியாவோஷூ பின்னர் நடிப்பைவிட்டு விலகி விளம்பரத் தொழிலில் ஈடுபட்டார். 2007ஆம் ஆண்டு பெப்ரவரியில் பௌத்தத் துறவியானார். அவ்வாண்டு மே 13 அன்று மார்பகப் புற்றுநோயால் காலமானார். அப்போது 41 வயதே ஆகியிருந்தது. இளமையில் நோயுற்று இறக்கும் தையூவின் விதியோடு அவருடைய வாழ்வை இணைத்துப் பேசுவது இதன்பின் பெருகியது. மாந்தரின் முகம் வேறு, நடிகரின் முகம் வேறு என்ற பிரிவு பலர் மனத்தில் மறைந்துபோனது. அடுத்த தொடரின் நடிகை ஏற்ற சுமையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

2010ஆம் ஆண்டுத் தொடர்

உருவாக்கம்

புதிய தொடருக்கான நடிகர்களைத் தேடும் தொலைக்காட்சிப் போட்டி 2006இல் தொடங்கியது. பொதுமக்களின் ஆர்வத்தைத் தூண்டிய இப்போட்டியில் சிறப்பிடம் பெற்ற பலருக்கு முதன்மை வேடங்கள் கிடைக்கவில்லை. இது தொடர் வெளிவருமுன்பே அதிருப்தியை வளர்த்தது. முதலில் இயக்குநராக இருந்த ஹூ மெய் 2007இல் விலகினார். லி ஷாவோஹோங் பொறுப்பேற்றார். ஆடை, ஒப்பனை வடிவமைப்பை, 'பதுங்கும் புலி, மறைந்த கடல்நாகம்' திரைப்படத்துக்காக ஆஸ்கார் விருது பெற்ற டிம் இப் மேற்கொண்டார். இத்தொடர் 120 இயல் பதிப்பை முழுமையாகத் தழுவியது.

எழுந்த கண்டனங்கள்

பார்வையாளர்கள் கூறிய குறைகளுள் முக்கியமானவை வருமாறு:

- ஒப்பனை: சீன இசைநாடக மரபைத் தழுவி, பெண்களின் நெற்றியில் வளையம் வளையமாகக் கூந்தல் ஒட்டப்பட்டது. பார்வையாளர்கள் இதனைச் "செப்புக்காசுத் தலை" என்று எள்ளினர். எல்லாப் பெண்களும் ஒன்றுபோல் தோன்றுவதால் யார் யார் எனப் பிரித்தறிய இயலவில்லை என்றனர்.
- நடிகர் தேர்வு: புதினத்தில் தையூ மெலிந்தவள், பாவோசாய் பூரித்த உடலினள். பாவோசாயைப் பேரழகி யாங் குய்ஃபெயோடு பாவோயூ ஒப்பிடும் இடமும் உண்டு. தொடரில் தையூவாக வந்த ஜியாங் மெங்ஜியேயின் வட்டமுகமும், இளம்வயதுப் பாவோசாயாக வந்த லி சின்னின் மெலிந்த தோற்றமும் இவ்வருணனைக்கு நேர்மாறாக உள்ளன எனப்பட்டது.
- நடிகர் மாற்றம்: மாந்தரின் வயதைப் பேணுவதற்காகப் பாவோயூ வேடத்தில் முதலில் யூ சியாவோதொங்கும் பின்னர் யாங் யாங்கும் நடித்தனர். பாவோசாய் வேடமும் இடையில் லி சின்னிடமிருந்து பாய் பிங்குக்கு மாறியது. தையூ மாறவில்லை. இதனால் கதையோட்டம் தடைப்பட்டதாகக் கூறப்பட்டது.
- பின்னணிக் குரல்: புதினத்தின் வரிகளை ஒருவர் தொடர்ந்து படித்துக்கொண்டே சென்றார். கண்ணெதிரே நிகழ்வதையே மீண்டும் காதில் கேட்பது சலிப்பூட்டியது என்பது பலரின் கருத்து.
- இசையும் ஒளியும்: மங்கலான ஒளியும் இழுத்துப் பாடும் இசையும் அச்சமூட்டின. பேய்க்கதைகளுக்குப் பெயர்பெற்ற 'லியாவோஜாய்' நூலைப் படமாக்கியது போல் உள்ளது என்று கேலி எழுந்தது.
- தையூவின் இறப்பு: இறக்கும் தறுவாயில் தையூவை ஆடையின்றிக் காட்டிய விதம் பெரும் சர்ச்சையானது. தூய்மையாக வந்தவள் தூய்மையாகவே திரும்புகிறாள் என்ற பொருளில் அமைத்ததாக விளக்கம் தரப்பட்டபோதும் எதிர்ப்பு தணியவில்லை.

ஆதரவுக் கருத்துகள்

மூலத்தின் உரையாடல்களை இந்த அளவுக்கு மாற்றாமல் பயன்படுத்திய தொடர் வேறில்லை என்பது ஆதரவாளர்களின் முதன்மை வாதம். முதல் தொடரில் விடுபட்ட மாய உலகக் காட்சி இதில் இடம்பெற்றது. கதையின் தொடக்கத்தில் மாந்தர்கள் சிறுவர்களே என்பதை இத்தொடரே தெளிவாகக் காட்டியது என்றும் கூறப்பட்டது. அச்சமூட்டும் சூழலைக்கூட, வீழப்போகும் வீட்டின் முன்னறிகுறியாகக் கொள்ளலாம் என்பர் சிலர். பிற்காலத்தில், முதல் தொடரோடு வளராத இளம் பார்வையாளர்களிடையே இத்தொடர் ஓரளவு மறுமதிப்பீடு பெற்றது.

வேறுபாட்டுக்கான காரணங்கள்

இரு தொடர்களும் பெற்ற எதிர்வினைகளை ஒப்பிடும்போது, மூலத்தோடு ஒத்திருத்தல் என்பதைப் பார்வையாளர்கள் ஒரே பொருளில் கொள்ளவில்லை என்பது தெரிகிறது.

முதலாவது, சொல்லொப்புமையும் உணர்வொப்புமையும் வேறு. 2010ஆம் ஆண்டுத் தொடர் சொற்களைக் காத்தது. 1987ஆம் ஆண்டுத் தொடர் சொற்களை மாற்றினாலும் மாந்தரின் இயல்பையும் வீட்டின் அன்றாட வாழ்வையும் காத்தது என்று பலர் கருதினர்.

இரண்டாவது, புதினம் மாந்தரின் தோற்றத்தை நேராக வரையாமல் உவமைகளால் உணர்த்துகிறது. தையூவின் புருவமும் கண்ணும் அவ்வாறே கூறப்படுகின்றன. அங்கு விடப்பட்ட வெற்றிடத்தை வாசகர் ஒவ்வொருவரும் தம் கற்பனையால் நிரப்பினர். 1987இல் அவ்விடத்தில் ஒரு முகம் அமர்ந்தது. 2010இல் பார்வையாளர்கள் புதிய நடிகையைப் புதினத்தோடு மட்டுமன்றி அம்முகத்தோடும் ஒப்பிட்டனர்.

மூன்றாவது, காலச்சூழல். 1987இல் தொலைக்காட்சி அலைவரிசைகள் குறைவு. ஒரு தொடரை நாடு முழுவதும் ஒன்றாகக் கண்டது. 2010இல் பார்வையாளர்கள் பகுதி வெளியான அன்றே இணையத்தில் படங்களைப் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிட்டுக் கருத்துரைத்தனர். அதே காலப்பகுதியில் மூவரசர் காதை (2010), நீர்க்கரை (2011) ஆகியவற்றின் புதிய தொடர்களும் வெளிவந்தமையால், பழையனவற்றை மீண்டும் எடுக்கத்தான் வேண்டுமா என்ற பொதுவான கேள்வியும் எழுந்திருந்தது.

தாக்கம்

1987ஆம் ஆண்டுத் தொடர் பின்னரும் பலமுறை மறுஒளிபரப்புச் செய்யப்பட்டது. அதன் காட்சிகளை வெட்டி ஒட்டி, தையூவை ஹாரி பாட்டர் கதையின் வோல்டெமொர்ட்டோடு இணைக்கும் நகைச்சுவைக் காணொளிகள்கூட இளைஞர்களிடையே பரவின. 2010ஆம் ஆண்டுத் தொடரில் நடித்த யாங் யாங், லி சின், சிறு வேடமொன்றில் தோன்றிய ஜாவோ லியிங் முதலியோர் பின்னாளில் முன்னணி நடிகர்களாயினர்.

தொடரிலிருந்து விலகிய ஹூ மெய் இயக்கிய திரைப்படம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. தையூவின் தந்தைவழிச் சொத்தை ஜியா குடும்பம் கவர்ந்துகொள்ளும் சூழ்ச்சியை முதன்மைப்படுத்திய இப்படமும் கடும் கண்டனத்தைப் பெற்றது. அப்போதும் பார்வையாளர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது 1987ஆம் ஆண்டுத் தொடரையே. புதினத்தை முழுதும் படிக்காதவர்களுக்கு அதன் முடிவே கதையின் முடிவாகியுள்ளது. முற்றுப்பெறாத நூலொன்றின் இறுதி குறித்து அறிஞர்கள் செய்த ஊகம், இவ்வாறு பொதுமக்களின் நினைவில் இடம்பிடித்துவிட்டது.

இவற்றையும் பார்க்க

- சாவோ சுவேசின்
- சீன இலக்கியம்
- மூவரசர் காதை
- மேற்கு நோக்கிய பயணம்
- சிவப்பியல்