சப்ரகமுவ தோட்டங்களில் கொவிட் பெருந்தொற்றும் வேலையிழந்தோர் நிவாரணமும்

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் கொவிட்-19 நோய் 2020 இறுதி தொடக்கம் அலை அலையாகப் பரவியது. நாடு முடங்கிக் கிடந்தபோதும் தோட்ட வேலை நிற்கவில்லை. வேலை போனது தோட்டத்துக்கு வெளியே பிழைத்தவர்களுக்கே: கொழும்பிலிருந்து திரும்பிய இளைஞர்கள், மாணிக்கக் குழியில் இறங்கியவர்கள், கடைச் சிப்பந்திகள், நாட்கூலிகள். நிவாரணமோ ஏதாவதொரு பதிவேட்டில் பெயர் இருந்தோரைத் தேடியே போனது. சப்ரகமுவவில் நிவாரணம் தடுமாறியதற்கு இந்தப் பொருத்தமின்மையே முதற் காரணம்.

பின்னணி

2012 குடிசன மதிப்பீட்டின்படி மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 19 இலட்சம். மலையகத் தமிழர் இங்கே சிறுபான்மை. நுவரெலியாவைப் போலத் தோட்டங்கள் தொடர்ச்சியாக இல்லை. சிங்களக் கிராமங்களுக்கும் சிறு தேயிலைக் காணிகளுக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை, கலவான பக்கங்களிலும், கேகாலையில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய பக்கங்களிலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. கேகாலை முதன்மையாக இறப்பர் நாடு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளில் பெரும்பாலும் பேரும் (ஒரு நாள் வேலைக்கான கூலிப் பதிவும்) இல்லை. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் பிரதேசம் இது என்பதால், தொற்று வருமுன்பே இங்கே வருமானம் ஏறி இறங்கியபடிதான் இருந்தது.

கேகாலைக்குப் பெருந்தொற்று புதிதுமல்ல. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளில் அதுவும் ஒன்று. நாடெங்கும் சுமார் 80,000 பேர் மாண்டனர். இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத்தினர் அப்போது கேகாலையில் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவராகப் பருப்புக் கொடுத்த என்.எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தையா’ (பருப்பு ஐயா) என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1936இல் ருவன்வெல்லை தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். நிவாரணம் வாக்காக மாறும் கதை இந்த மாவட்டத்தில் அவ்வளவு பழையது.

தொற்றின் போக்கு

இலங்கையில் முதல் நோயாளி 2020 ஜனவரி 27இல் இனங்காணப்பட்ட சீனச் சுற்றுலாப் பயணி. உள்நாட்டவரிடையே தொற்று மார்ச்சில் தென்பட்டது. மார்ச் 20இல் ஊரடங்கு வந்தது. முதல் அலை தோட்டங்களைப் பெரிதாகத் தொடவில்லை. ஆபத்து வந்தது இரண்டாம் அலையில். 2020 ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைத் தொற்றுக் கொத்தணியும், அதே மாதப் பிற்பகுதியில் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியும் வெளிப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இடங்கள் மேல் மாகாணத்தின் ஆடைத் தொழிற்சாலைகளும், கொழும்பின் கடைகளும் உணவகங்களும்தான். நவம்பர் 14 தீபாவளி. பெருநாளுக்கு ஊர் வராதீர்கள் என்று அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வேலையும் போய், தங்கியிருந்த அறைக்கு வாடகை கொடுக்கவும் வழியில்லாதவன் வேறெங்கே போவான்?

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குப் போகும் ஏ-4 வீதி, அவிசாவளையில் பிரிந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கலை ஊடாக ஹட்டனுக்கு ஏறும் ஏ-7 வீதி, கேகாலையைக் கடக்கும் கண்டி வீதி ஆகிய மூன்றும் தலைநகரைச் சப்ரகமுவவுடன் நேரே இணைக்கின்றன. இரண்டாம் அலையில் எஹலியகொடை பொலிஸ் பிரிவும், கேகாலை மாவட்டத்தில் சில பொலிஸ் பிரிவுகளும் தனிமைப்படுத்தப்பட்டன.

மூன்றாம் அலை 2021 சித்திரைப் புத்தாண்டை அடுத்து அல்பா திரிபால் எழுந்தது. மே 21 முதல் ஜூன் 21 வரை நாடளாவிய பயணக் கட்டுப்பாடு இருந்தது. இக்கட்டத்தில் மாவட்டம் முழுவதையும் மூடாமல் கிராம உத்தியோகத்தர் பிரிவு பிரிவாக, சில வேளை ஒரு தோட்டத்தின் ஒரு டிவிஷனை மட்டும், முடக்கும் முறை கையாளப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் இதே இரு மாவட்டங்களிலும் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. இடைவெளி பேணச் சொன்ன அதிகாரிகளே மக்களை ஒரே மண்டபத்தில் தங்கவைக்க வேண்டியதாயிற்று. அடுத்து டெல்டா. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. நாட்டில் மரணங்கள் உச்சம் தொட்டது அந்த ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும்தான். பெருந்தொற்றுக் காலம் முழுவதிலும் இலங்கையில் 6,70,000க்கும் மேற்பட்டோர் தொற்றாளராகப் பதிவாகினர். 16,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கேகாலை இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்பட்டது. 2020 டிசம்பரில் ஹெட்டிமுல்லையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தயாரித்த ‘கொவிட் பாணி’ என்ற மருந்துப் பாகை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதை வெளிப்படையாகப் பருகிய அப்போதைய சுகாதார அமைச்சரும் இரத்தினபுரி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினருமான பவித்ரா வன்னியாராச்சிக்கு 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. தடுப்பூசி விடயத்திலும் கேகாலைக்குத் தனிக் கதை உண்டு. அஸ்ட்ராசெனெகா முதல் ஊசி போட்டுக்கொண்டு இரண்டாவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தோர் அங்கு பலர். 2021 ஜூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய மருந்து வந்திறங்கியபோது, கொழும்புடன் கேகாலைக்கே முதலில் பங்கு கிடைத்தது.

லயத்தில் தனிமைப்படுத்தல்

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு சிறு விறாந்தை, பின்னால் குசினி, பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடமும் தண்ணீர்ப் பீலியும்: தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான பழைய லயத்தின் அமைப்பு இதுதான். தொற்றுக் காலத்தில் ஒரு வீடு தனிமைப்படுத்தப்பட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கதவில் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போவார். பதினான்கு நாள் வீட்டைவிட்டு இறங்கக்கூடாது. ஆனால் பீலிக்கு இறங்காமல் குடிக்கத் தண்ணீர் ஏது? ஒரு வீடு மூடப்பட்டால் முழு லயமும் மூடப்பட்டதற்குச் சமம். 2021 நடுப்பகுதியில் அறிகுறி இல்லாத நோயாளரை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கும் ஏற்பாடு வந்தபோது தனியறை வேண்டும் என்பது நிபந்தனை. லயத்துக்கு அது எழுதப்பட்டதல்ல. தோட்ட டிஸ்பென்சரியில் இருந்தவர் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் பெறாத தோட்ட மருத்துவ உதவியாளர்; பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அரச ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியிருந்தது.

வேலையும் சம்பளமும்

ஊரடங்கு நாட்களிலும் தேயிலை, இறப்பர் உற்பத்திக்கு அரசு அனுமதி அளித்தது. நாடே வீட்டுக்குள் இருந்தபோது, தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் மேற்பார்வையாளரான கங்காணி பேர் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்றுமதி வருமானம் நிற்காமல் வந்தது. இதைத் தொழிலாளரின் அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. வீட்டில் இருந்து சம்பளம் பெறும் உரிமை அவர்களுக்கு ஒருபோதும் கொடுக்கப்படவில்லை என்பதே அதன் மறுபக்கம்.

2019 கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 2020 மார்ச் முதல் 1,000 ரூபா என்று அரசு அறிவித்தும் நடக்கவில்லை. சம்பளச் சபை ஊடாக 900 ரூபாவும் வரவுசெலவு நிவாரணப்படி 100 ரூபாவும் என 2021 மார்ச் 5இல் வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. ஏப்ரலில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. அதன்பின் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோ கணக்கு ஏறியது, வேலை நாள் குறைந்தது, இலக்கு எட்டாதவருக்கு அரைப்பேர் விழுந்தது. மாதத்துக்கு 700 ரூபாவில் இருபது பேர் (இருபது நாள் வேலை) என்றால் 14,000 ரூபா. 1,000 ரூபாவில் பதின்மூன்று பேர் என்றால் 13,000. கூடிய சம்பளம் குறைந்த வருமானமாக மாறிய கணக்கு இதுதான். அதே ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடை கொழுந்தை மேலும் குறைத்தது.

நிவாரணம்

இலங்கையில் வேலையிழப்புக் காப்புறுதி என்று ஒன்று இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம், ஆட்குறைப்புக்குத் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. கடைச் சிப்பந்திக்கும் நாட்கூலிக்கும் அது எட்டாக்கனி. 2020 மே மாதம் தொழில் அமைச்சு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் சேர்ந்த முத்தரப்புச் செயலணி, வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் கூடியதைக் கொடுக்க உடன்பட்டது. சேமலாப நிதி கட்டப்படும் தொழிற்சாலை ஊழியருக்கு இது ஓரளவு கைகொடுத்தது. இரத்தினபுரி மாணிக்கக் குழியில் இறங்குபவருக்கோ மாதச் சம்பளமே கிடையாது. கல் கிடைத்தால் பங்கு, அதுவரை சாப்பாட்டுச் செலவு. குழி மூடப்பட்ட நாளில் அவர் யாரிடம் போய்ப் பாதிச் சம்பளம் கேட்பார்?

பரவலாகப் போய்ச் சேர்ந்தது 5,000 ரூபா கொடுப்பனவுதான். 2020 ஏப்ரலிலும் மேயிலும், பின்னர் 2021 சித்திரையிலும் ஜூன் பயணக் கட்டுப்பாட்டின்போதும் கிராம உத்தியோகத்தர், வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியின் உத்தியோகத்தர் ஊடாக அது வழங்கப்பட்டது. தோட்டக் குடும்பங்கள் சம்பளம் வாங்குபவை என்று கருதப்பட்டுப் பல இடங்களில் ஒதுக்கப்பட்டன. தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் தாயின் பெயர் இருந்தால் போதும். வேலையிழந்து கொழும்பிலிருந்து வந்த மகனும் அவருடைய வருமானத்தில் வாழ்பவனாகிவிடுவான். தொழிற்சங்கங்கள் சத்தம் போட்ட பின்னரே சில பட்டியல்கள் திருத்தப்பட்டன. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்குப் பதினான்கு நாளுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி தனியே வழங்கப்பட்டது. 2021 ஓகஸ்ட் ஊரடங்கில், வேறு உதவி எதுவும் பெறாத குடும்பங்களுக்கு 2,000 ரூபா அறிவிக்கப்பட்டது.

உள்ளூராட்சி நிலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபைகள் செலவிடுவதை நெடுங்காலம் தடுத்துவந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தொற்று வந்தபோது பிரதேச சபைக்கும் லயத்துக்கும் இடையிலான பழக்கம் இரண்டு வயதுகூட ஆகாதது.

2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு முதலிய சுட்டிகளை வைத்துக் குடும்பங்களை நான்கு வகையாக்கி, தொடங்கியபோது மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வழங்கிய திட்டம் அது. வேலை பறிபோவது அந்த வகைகளில் தனியொரு தகுதியாகச் சேர்க்கப்படவில்லை.