ரஃபாவில் ஒரு பாடசாலை வாசல்: விடுமுறையில் வாசித்த கொமிக்ஸ் புத்தகங்கள்



தவணை விடுமுறைக்கு வாசிக்கவென்று நாம் ஒதுக்கி வைத்த புத்தகங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். கட்டாரிலிருந்து வந்த மருமகன் கொண்டு வந்தவை மூன்று. ஏற்கனவே எம்மிடம் இருந்தது ஒன்று. நான்கும் கொமிக்ஸ். "சேர், இந்த வயதில் கொமிக்ஸா?" என்று ஒரு பழைய மாணவர் இப்போதே கேட்டுவிட்டார். எமக்கும் கொமிக்ஸ் என்றால் ஒரு காலத்தில் இரும்புக்கை மாயாவியும் ராணி கொமிக்ஸும்தான். கணித கொப்பிக்குள் மறைத்து வைத்து வாசித்து, பிடிபட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டோம். இப்போது நாம் மாணவர்களிடமிருந்து பறித்து வைத்திருப்பவையும் அலுமாரியில் இருக்கின்றன. அது வேறு கதை.

இந்த நான்கில் மூன்று ஒரே ஆளுடையவை. ஜோ ஸக்கோ. 1960ல் மோல்டாவில் பிறந்து அவுஸ்திரேலியாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் வளர்ந்தவர், பத்திரிகைத் துறை படித்தவர். 1991இன் கடைசியிலும் 1992இன் தொடக்கத்திலும் மேற்குக் கரையிலும் காஸாவிலும் சுற்றித் திரிந்து, பார்த்ததையும் கேட்டதையும் படமாக வரைந்தார். 'பலஸ்தீன்' என்ற பெயரில் அது ஒன்பது இதழ்களாக வந்தது. அந்த நேரம் பெரிதாக விற்கவில்லை. பின்னர் 2001ல் ஒரே புத்தகமாக வந்தபோது பேராசிரியர் எட்வர்ட் ஸெய்த் முன்னுரை எழுதினார். 2023 ஒக்டோபருக்குப் பிறகு கேட்பவர்கள் கூடிப்போய் பதிப்பகம் அவசரமாக மறுபதிப்புச் செய்ய வேண்டி வந்தது. ஒரு செய்தியாளரின் புத்தகத்தை 30 வருடம் கழித்தும் ஆட்கள் தேடுகிறார்கள் என்றால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

முதலில் புதியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம்.

'வோர் ஒன் காஸா' 2024ல் வந்தது. மிக மெல்லிய புத்தகம். இந்த யுத்தத்தில் வெளிநாட்டுச் செய்தியாளர்களை காஸாவுக்குள் சுயமாகப் போய் வேலை செய்ய விடவில்லை. ஸக்கோ தூரத்தில் இருந்துகொண்டு கோபத்தில் வரைந்த பக்கங்கள் இவை. கோபம் நியாயமானது. ஆனால் அவருடைய பலமே ஆட்களின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தேநீர் குடித்து, கேட்பதுதான். அது இதில் இல்லை. ஒரு முறை வாசித்தோம், போதும்.

'த வன்ஸ் அன்ட் ஃபியூச்சர் ரயட்' இதைவிடக் கனமானது. ஆங்கிலத்தில் 2025ல் வந்தது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் முஸஃப்பர்நகர் பகுதியில் 2013 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடந்த கலவரம் பற்றியது. கவால் என்ற கிராமத்தில் ஒரு முஸ்லிம் இளைஞரும் இரண்டு ஜாட் இளைஞர்களும் கொல்லப்பட்டதில் தொடங்கி, 60 பேருக்கு மேல் இறந்து, ஏறத்தாழ 50,000 பேர் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். வேறொரு நாட்டில் எப்போதோ எடுக்கப்பட்ட ஒரு பழைய வீடியோ "இது கவாலில் நடந்தது" என்று கைத்தொலைபேசிகளில் பரவியது. ஸக்கோ பின்னர் அங்கே போய் இரண்டு தரப்பையும் கேட்கிறார். இரண்டு தரப்பிடமும் இரண்டு கதைகள். 2018ல் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் 'மாத்திரை' என்று கிளம்பிய கதையும், சில நாட்களில் திகனயும் எமக்கு ஞாபகம் வந்தன. அதற்கு மேல் எழுதத் தேவையில்லை, வாசிக்கும் உங்களுக்கே தெரியும்.

நாம் எழுத உட்கார்ந்தது மூன்றாவது புத்தகத்துக்காக. அது புதியதல்ல, 2009ல் வந்தது. ஆனால் எம் கைக்கு இப்போதுதான் கிடைத்தது. 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா'. காஸாவின் அடிக்குறிப்புகள் என்று சொல்லலாம். 400 பக்கங்களுக்கு மேல்.

1956 ஜூலையில் எகிப்தின் ஜனாதிபதி நாஸர் சுயஸ் கால்வாயை அரசுடைமையாக்கினார். ஒக்டோபர் கடைசியில் இஸ்ரேலும் பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து எகிப்தைத் தாக்கின. இது எமது வரலாற்றுப் பாடத்திலும் வரும், சுயஸ் நெருக்கடி என்று நாமே கற்பித்திருக்கிறோம். அப்போது காஸா எகிப்தின் நிர்வாகத்தில் இருந்தது. இஸ்ரேலியப் படை அதைக் கைப்பற்றி, 1957 மார்ச் வரை வைத்திருந்தது. நாம் கற்பிப்பது அவ்வளவுதான். இடையில் இரண்டு நாட்கள் விடுபட்டுப் போகின்றன. நவம்பர் 3ஆம் திகதி கான் யூனிஸ். நவம்பர் 12ஆம் திகதி ரஃபா. பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் பணிப்பாளர் பொதுச் சபைக்கு அனுப்பிய அறிக்கையில், கான் யூனிஸில் கொல்லப்பட்டவர்கள் 275, ரஃபாவில் 111 என்று இருக்கிறது. அகதிகள் சொல்வதும் இஸ்ரேல் தரப்பு சொல்வதும் முரண்படுகின்றன என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பெரிய யுத்தத்தின் வரலாற்றில் அவை இரண்டு எண்களாக, அடிக்குறிப்பாக நின்றுவிட்டன.

ஸக்கோ இதற்குள் வந்த விதம் கேட்க வேண்டியது. 2001ல் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகைக்காக கிறிஸ் ஹெட்ஜஸ் என்ற செய்தியாளருடன் கான் யூனிஸுக்குப் போனார். எங்கோ வாசித்த 1956 பற்றிய வரி ஞாபகம் வந்து, அங்கிருந்த முதியவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சொன்னார்கள். ஹெட்ஜஸ் எழுதினார். கட்டுரை அச்சில் வந்தபோது அந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. அடிக்குறிப்பாகக் கூட இடமில்லை. அதனால் 2002 நவம்பரில் ஸக்கோ திரும்பவும் காஸா போனார், இரண்டு நாட்களை மட்டும் தேடுவதற்காக.

போனால் அங்கே என்ன நிலைமை? ரஃபாவில் எல்லையோரம் ஒவ்வொரு இரவும் புல்டோசர் வீடு உடைக்கிறது. இளைஞர்கள் அவரைப் பார்த்து, இன்றைக்கு நடப்பதை விட்டுவிட்டு 1956ல் என்ன வேலை என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தானே? அவர் அதையும் வரைகிறார். முதியவர்கள் 1956 பற்றிச் சொல்லத் தொடங்கி 1967க்குப் போய்விடுவதையும், அப்போது தனக்குப் பொறுமை போய்விடுவதையும் ஒளிக்காமல் வரைகிறார். தன்னை எப்போதும் வட்டக் கண்ணாடியுடன், கண் தெரியாமல்தான் வரைவார். பார்ப்பதற்கு அவ்வளவு அழகான ஆள் இல்லை.

படம் வரைபவருக்கு ஒரு தொல்லை இருக்கிறது. எழுதுபவர் "ஆண்கள் பாடசாலையில் கூட்டப்பட்டார்கள்" என்று ஒரு வரியில் போய்விடலாம். வரைபவரால் முடியாது. வாசல் எந்தப் பக்கம்? மதில் எவ்வளவு உயரம்? நிலம் மண்ணா, சீமெந்தா? உட்கார்ந்தார்களா, குந்தியிருந்தார்களா? கை எங்கே இருந்தது? அன்று என்ன உடுத்திருந்தார்கள்? இவையெல்லாம் தெரியாமல் ஒரு கட்டம் கூட வரைய முடியாது. அதனால் அவர் இவற்றையெல்லாம் கேட்டிருக்கிறார். அகதி முகாம் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று அறிய ஐ.நா. அமைப்பின் பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறார். இப்படிக் கேட்கும்போதுதான் 50 வருடமாக யாரும் கேட்காத விஷயங்கள் வெளியே வருகின்றன.

கான் யூனிஸில் ஆண்களை நிறுத்திச் சுட்ட இடங்களில் ஒன்று நகரின் நடுவிலுள்ள பழைய கோட்டைச் சுவர். அந்தச் சுவரை அன்றைய காட்சியிலும் இன்றைய காட்சியிலும் வரைகிறார். அதன் முன்னால் இன்று ஆட்கள் சாதாரணமாக நடந்து போகிறார்கள்.

ரஃபா பகுதிதான் எம்மை நிறுத்தியது. காலையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். ஆண்கள் எல்லோரும் பாடசாலைக்கு வர வேண்டும். ஓடுகிறார்கள். வழியில் சுடப்படுகிறார்கள். பாடசாலை வாசலில் தடியுடன் நிற்கும் படையினர் நுழைபவர்களின் தலையில் அடிக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பல முதியவர்கள் அந்த வாசலைப் பற்றிச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அந்த வாசல் ஞாபகம் இருக்கிறது.

ஒலிபெருக்கி. பாடசாலை. இங்கே நாம் புத்தகத்தை மூடி வைத்தோம்.

இதை வாசிக்கும் பலருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்து ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். ரஃபாவும் யாழ்ப்பாணமும் ஒன்றல்ல. அன்று எம்மைச் சுவரோடு நிறுத்திச் சுடவில்லை, துரத்தினார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுக்கும் அநியாயம். ஆனால் ஒன்பது வயதில் அந்த ஒலிபெருக்கியைக் கேட்டவருக்கு அந்தப் பக்கத்தைச் சும்மா புரட்ட முடியவில்லை.

புத்தகத்தில் ஞாபகம் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. கான் யூனிஸில் ஒரே குடும்பத்தின் சகோதரர்கள் கொல்லப்படுகிறார்கள். தப்பிய சகோதரர், அவர்கள் சாகும்போது தான் அருகில் இருந்ததாக விபரமாகச் சொல்கிறார். குடும்பத்தின் மற்றவர்கள், இல்லை, அவர் அந்த இடத்தில் இருக்கவில்லை என்கிறார்கள். ஸக்கோ எந்த ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த முதியவரைப் பொய்யர் ஆக்கவும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சகோதரர்கள் சுடப்பட்டார்கள் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்பதைக் காட்டுகிறார். இஸ்ரேல் தரப்பு ஆவணங்களையும் ஆள் வைத்துத் தேடுவித்து, கிடைத்ததைப் பின்னிணைப்பில் போட்டிருக்கிறார். வரலாற்று ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தை மட்டுமாவது வாசிக்க வேண்டும்.

எமது வீட்டிலும் இதே கதைதான். எவ்வளவு காசு கொண்டு போக விட்டார்கள் என்று கேட்டால் உம்மா 150 ரூபா என்பார். பெரியப்பா 200 என்பார். மாமா, அதெல்லாம் இல்லை, ஆளுக்கு ஆள் வித்தியாசம் என்பார். ஒவ்வொரு பெருநாளிலும் இந்த வாக்குவாதம் நடக்கும், நாம் சிரித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவோம். யாரும் எழுதி வைக்கவில்லை. பெரியப்பா மௌத்தாகி இப்போது நான்கு வருடம். அன்று 30 வயதில் இருந்தவருக்கு இன்று 65.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஃபிதாயீன்களின் பின்னணியைச் சொல்லும் பகுதி நீளம், எமக்குக் கொஞ்சம் அலுத்தது. ஆங்கிலமும் லேசு இல்லை. பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் நெருக்கமான கோடுகளால் நிரம்பியிருப்பதால் கண் நோகும். ஆனால் கடைசிப் பக்கங்களில் எழுத்தே இல்லை. ஒரு முதியவர் சொல்லி முடித்ததை, அவர் அன்று பார்த்த கண்ணால் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

எம்மிடம் முன்னரே இருந்த நான்காவது புத்தகம் 'வன்னி', 2019ல் வந்தது. கிளிநொச்சியில் ஐ.நா.வில் வேலை செய்து, 2008 செப்டெம்பரில் ஐ.நா. வெளியேறியபோது வெளியேறிய பென்ஜமின் டிக்ஸ் எழுத, லின்ட்ஸே பொலக் வரைந்தது. குடும்பம் கற்பனை. ஆனால் தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களை வைத்துக் கட்டியது. சுனாமியில் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை போகிறது. தமிழ் மக்களின் அந்த அனுபவம் இப்படிப் படமாகப் பதிவாகியிருக்கிறது. எமது 1990க்கு இப்படி ஒரு புத்தகத்தை நாம் இதுவரை காணவில்லை. யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், சந்தோஷமாகத் திருத்திக்கொள்கிறோம்.

உங்களில் பாதிப் பேரின் புரொஃபைல் படத்தில் இருக்கும் ஹந்தலாவை யார் வரைந்தது என்று போன தவணை தரம் 10இல் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. நாஜி அல் அலி. 1948ல் பத்து வயதளவில் கலிலேயாவிலிருந்து துரத்தப்பட்டு லெபனானின் அகதி முகாமில் வளர்ந்தவர். 1969ல் அந்தச் சிறுவனை வரைந்தார். வயது பத்து, ஊருக்குத் திரும்பும் வரை கூடாது. 1987ல் லண்டன் தெருவில் சுடப்பட்டு இறந்தார்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு சித்திரக் கொப்பியோடு உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். எமக்கு வரைய வராது, கோடு மட்டும் போடுவோம். ஸக்கோ கேட்பது போல் கேட்டோம். அன்று வீட்டு வாசல் எந்தப் பக்கம்? கிணறு எங்கே? பை எது? 35 வருடமாக 150 ரூபாவையே சொல்லிக்கொண்டிருந்தவர், பை இல்லை, தலையணை உறை என்றார். தம்பியின் பால் போத்தலும் இரண்டு சட்டையும் அதற்குள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, நெருப்பை அணைத்தேனா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை என்றார். இதை நாம் முதல் முறையாகக் கேட்கிறோம்.

அடுத்த தவணை எமது வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் இதையே கேட்டு வரைந்து வரப் போகிறார்கள். மூத்தம்மா, அப்பா உயிரோடு இருக்கும் பெற்றோர் தயவுசெய்து ஒத்துழையுங்கள். அழுதால் நிறுத்தி விடுங்கள், இன்னொரு நாள் கேட்கலாம். பழைய வீட்டின் படம் யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். புத்தகங்கள் எம்மிடம் இருக்கின்றன, ஊரில் உள்ளவர்கள் வாங்கிப் போகலாம். சாதாரண தரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 'ஃபுட்நோட்ஸ்' கொடுக்க வேண்டாம், படங்கள் கடுமையானவை. கொண்டு போகிறவர்கள் இரண்டு வாரத்தில் திருப்பித் தாருங்கள். 'பலஸ்தீன்' புத்தகத்தை 2019ல் கொண்டு போனவர் இதை வாசித்தால், அதையும்.