மெய்புகு கருவி: தலைக்கவசம் கடந்து வந்த பாதை



மழை விட்ட ஒரு திங்கட்கிழமைக் காலை. மஸ்ஜித் தானாவில் பள்ளி வாசலருகே நின்றுகொண்டிருந்தேன். தந்தையொருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் இரண்டாம் ஆண்டில் பயிலும் அவருடைய மகள். அவள் தலையில் அம்மாவின் தலைக்கவசம். அது கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கு வரை இறங்கியிருந்தது. அவள் இறங்குவதற்காகக் குனிந்தபோது கவசம் தானாகக் கழன்று தரையில் உருண்டது. தந்தையின் கவசமோ வார் மாட்டப்படாமல் காதோரம் ஊசலாடியது. "பிள்ளைக்கு அளவானதாக ஒன்று வாங்கக்கூடாதா?" என்று கேட்டேன். "தலையில ஒன்னு இருக்குல்ல சார். போலீஸ் கேட்டா அது போதும்" என்றார் சிரித்தபடி.

அவர் அன்பில்லாத தந்தை அல்லர். மழையில் மகளின் புத்தகப்பை நனையக்கூடாதென்று தம் மேலாடையைக் கழற்றி அதன்மேல் போர்த்தியிருந்தார். ஆனால், கவசம் என்பது காவலருக்குக் காட்டுவதற்கான ஒரு பொருள் என்ற எண்ணம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அவர் மனத்தில் மட்டுமா? நம்மில் பலருடைய மனத்திலும் அதுவே இருக்கிறது. இந்த எண்ணம் எப்படி வந்தது? தலைக்கவசம் உண்மையில் எதற்காகப் பிறந்தது? இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

பழந்தமிழர் வைத்த பெயர்

உடலைக் காக்கும் கவசம் தமிழருக்குப் புதியதன்று. புறநானூற்றின் 13ஆம் பாடலில், யானைமேல் வரும் சோழ மன்னன் ஒருவனின் புலித்தோல் கவசம் அம்புகளால் கிழிபட்டிருந்ததைப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் காட்டுகிறார். அம்பு கவசத்தைக் கிழித்தது. மன்னன் உயிரோடு வந்தான். கவசத்தின் வேலையே அதுதான். தான் சிதைந்து, உள்ளிருப்பவரைக் காப்பது.

கவசத்தைப் பழைய உரைகள் 'மெய்புகு கருவி' என்று குறிக்கின்றன. உடல் உள்ளே புகுந்துகொள்ளும் கருவி என்பது பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! வெறுமனே மேலே வைத்துக்கொள்வது கவசமாகாது. உடல் அதற்குள் பொருந்திப் புகவேண்டும். பதிற்றுப்பத்திலோ 'மெய்ம்மறை' என்னும் சொல் சேர மன்னனுக்கே அடைமொழியாக வருகிறது. தன் வீரர்களுக்கு முன்னே நின்று அவர்களுக்குக் கவசம் போன்றிருப்பவன் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் மீண்டும் இவற்றிடம் வருவோம்.

ஒரு மரணமும் ஒரு மருத்துவரும்

இன்றைய தலைக்கவசத்தின் கதை 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்குகிறது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகம் அறிந்த தி. இ. லாரன்ஸ், மே 13ஆம் நாள் தம் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். மிதிவண்டியில் வந்த இரண்டு சிறுவர்கள்மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கியெறியப்பட்டார். தலையில் பலத்த காயம். ஆறு நாள் நினைவிழந்து கிடந்து, மே 19இல் உயிர்நீத்தார். அவருக்கு வயது 46.

அவருக்கு மருத்துவம் பார்க்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். லாரன்சைக் காப்பாற்ற முடியாமற்போனது அவரை ஓர் ஆய்வின் பக்கம் திருப்பியது. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 2,279 மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கைப் பயணிகளும் மாண்டதை அவர் எடுத்துக்காட்டினார். பெரும்பாலோரைக் கொன்றது தலைக்காயம். தலைக்கவசம் அணிந்திருந்து விபத்துக்குள்ளான ஏழு பேரை மட்டுமே அவரால் அப்போது காண முடிந்தது. அந்த எழுவரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இந்த ஆய்வு 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மறுமாதமே, பணியிலிருக்கும் இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகள் அனைவரும் தலைக்கவசம் அணியவேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஆயினும் பொதுமக்களுக்கான சட்டம் அந்நாட்டில் 1973இல்தான் வந்தது. கேர்ன்ஸ் அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1952இல் காலமாகிவிட்டார். இடையில், 1961இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் உலகுக்கு முன்னோடியாகத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

ஆகவே, தலைக்கவசச் சட்டத்தின் வேர் காவல்நிலையத்தில் இல்லை. நோயாளியைப் பறிகொடுத்த ஒரு மருத்துவரின் துயரத்தில் இருக்கிறது.

உள்ளே இருக்கும் வெள்ளை நுரை

தொடக்ககாலக் கவசங்கள் தோலாலும் கெட்டியாக்கிய துணியாலும் ஆனவை. பெரிய மாற்றம் 1950களில் வந்தது. அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லொம்பார்ட் குழுவினர், மோதலின் விசையை உறிஞ்சும் உட்புறம் கொண்ட கவசத்துக்கு 1953இல் காப்புரிமை பெற்றனர். மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கும்போது அதனைச் சுற்றி வெள்ளை நுரைப் பலகை வருமல்லவா? ஏறத்தாழ அதே பொருள்தான் கவசத்தின் ஓட்டுக்குள்ளும் இருக்கிறது. தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தக் கணநேரமே மூளையைக் காக்கிறது.

நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே பளபளத்தாலும் உள்ளே வேலை முடிந்துபோன பொருள். முடமோசியார் கண்ட புலித்தோல் கவசத்தைப் போலவே, இதுவும் தான் சிதைந்து பிறரைக் காப்பது. பழைய கவசத்தைப் பிறரிடமிருந்து வாங்கிப் பிள்ளைக்கு அணிவிப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலேசியாவின் பங்கு

பிரிட்டனில் பொதுமக்களுக்குச் சட்டம் வந்த அதே 1973ஆம் ஆண்டில் மலேசியாவிலும் தலைக்கவச விதிகள் இயற்றப்பட்டன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. நாட்டின் தர நிர்ணயங்களில் 'எம்.எஸ். 1' என்ற முதல் எண்ணைத் தாங்கியிருப்பதும் தலைக்கவசத்துக்கான தரமே. நம் நாடு இதில் பின்தங்கியிருக்கவில்லை.

அச்சட்டம் பயன் தந்ததா என்று ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சுப்ரமணியம் என்னும் பெயர் கொண்டவர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அவரும் வேறு இருவரும் சேர்ந்து 1984இல் வெளியிட்ட ஆய்வு, சட்டத்தின் பின் தீபகற்ப மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. உலகெங்கும் நடந்த 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மற்றொரு மதிப்பீடு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைப்பதாகக் கூறியது.

அப்படியானால் ஏன் இன்னும் இழப்பு? நம் நாட்டின் சாலை இறப்புகளில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் செல்வோருடையவை. வேகம், சாலையின் நிலை, பிற வண்டிகள் எனக் காரணங்கள் பல. நம் கையில் இருக்கும் காரணம் ஒன்றும் உண்டு. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் குலந்தயன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், கவசத்தை முறையாக அணிந்தோர் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கவசம் வைத்திருந்தும் முறையாக அணியவில்லை. அன்று பள்ளி வாசலில் நான் கண்ட தந்தை அந்த ஐந்தில் ஒருவர்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

இந்த வரலாற்றில் நமக்கே உரிய ஒரு பகுதியும் உண்டு. ஒருகாலத்தில் தோட்டப்பள்ளி தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. லயத்து வீட்டிலிருந்து பிள்ளைகள் செம்மண் பாதையில் நடந்தே வந்தார்கள். பின்னர் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தன. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே சாலை வந்து புகுந்துகொண்டது. அலோர் காஜா சாலையிலும் லுபோக் சீனா சாலையிலும் லாரிகளோடும் பேருந்துகளோடும் நம் பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள். மகிழுந்து வாங்க வசதியில்லாத குடும்பத்துக்குப் பழைய கப்சாய் ஒன்றே பள்ளிப் பேருந்து. ஆகவே, தலைக்கவசம் நமக்கு விளையாட்டு வீரரின் அணிகலன் அன்று. தமிழ்ப்பள்ளிக்கு வரும் வழியின் ஒரு பகுதி.

பிள்ளையின் தலை பெரியவரின் தலையைச் சிறிதாக்கியது போன்றதும் அன்று. பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு எட்டில் ஒரு பங்கு. நம் மாணவர்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். விழும்போது அவர்களை முன்னே இழுப்பது தலையின் பாரம். காக்கவேண்டியதும் அதைத்தான்.

பனிமலையும் பந்தயச் சாலையும்

2018இல் மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றது. ஜெஃப்ரி வெப் நம் கொடியோடு பனிச்சறுக்கில் இறங்கினார். பனிச்சறுக்கு வீரர்கள் தலைக்கவசத்தோடு முதுகுக் கவசமும் அணிவார்கள். ஐரோப்பாவில் அத்தகைய முதுகுக் கவசங்கள் பல, மோட்டார் சைக்கிளோட்டிகளுக்காக வகுக்கப்பட்ட அதே தரத்தின்படி சோதிக்கப்படுகின்றன. அடிபடும்போது உடலுக்குக் கடக்கும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல்நிலை. 9க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. எண் குறைந்தால் காப்பு கூடுகிறது. 2024-25 பருவம் முதல், உலகக் கோப்பையின் அதிவேகப் பனிச்சறுக்குப் போட்டிகளில் காற்றுப்பை உள்ளாடையும் கட்டாயமாக்கப்பட்டது. பனியோ தார்ச்சாலையோ, வீழ்ச்சியின் விதி ஒன்றே.

எந்தக் கவசத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் மறைக்கலாகாது. 2011 அக்டோபர் 23இல் நம் சிப்பாங் பந்தயத் தடத்தில் இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி, பின்னால் வந்த வண்டிகள் மோதி உயிரிழந்தார். அந்த மோதலில் அவருடைய தலைக்கவசமே கழன்று உருண்டது. உலகின் மிகச் சிறந்த கவசங்களை அணிந்தவருக்கும் அந்நிலை நேர்ந்தது. கவசம் வேகத்துக்கு அனுமதிச்சீட்டு அன்று.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வரலாறு கற்பித்தவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருவோம்.

முதலாவது, அளவு. புருவத்துக்குச் சற்று மேலே, தலையைச் சுற்றி அளவுநாடா வைத்து அளந்து, அந்த எண்ணோடு கடைக்குச் செல்லுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். "அடுத்த ஆண்டும் போடலாம்" என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், கவசத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது, பொருத்தம். வாரை மாட்டிய பின் கவசத்தை இடவலமாக அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் கழன்றுவிடக்கூடாது.

மூன்றாவது, வார். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவே போதும். மாட்டாத வார், இல்லாத கவசம்.

நான்காவது, முத்திரை. சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படமும் வண்ணமும் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். தானே தேர்ந்தெடுத்ததை அது விரும்பி அணியும்.

ஐந்தாவது, ஆயுள். பலமாக அடிபட்டதைத் தயங்காமல் மாற்றுங்கள். அடிபடாததையும் ஐந்தாண்டுகளில் மாற்றுவது நன்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிதப் பாடத்தில் அளவை கற்பிக்கும்போது, அளவுநாடா கொண்டு ஒவ்வொரு மாணவரின் தலைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு பாடவேளைதான் செலவாகும். மலாய்மொழி ஆசிரியர்கள் 'தோப்பி கெலெடார்' என்னும் சொல்லை விளக்கலாம். 'பெர்கெலெடார்' என்றால் முன்னெச்சரிக்கையோடு ஆயத்தமாக இருத்தல். அபராதம் என்ற பொருள் அச்சொல்லில் எங்கும் இல்லை.

பெற்றோர்களே, பழைய உரைகள் தந்த பெயரை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மெய்புகு கருவி. பிள்ளையின் தலை அதற்குள் பொருந்திப் புகுந்தால்தான் அது கவசம். மற்றொரு சொல், மெய்ம்மறை. முன்னே நிற்பவரே பின்னிருப்பவருக்குக் கவசம். மோட்டார் சைக்கிளில் பிள்ளைக்கு முன்னே அமர்ந்திருப்பவர் நீங்கள். நீங்கள் வாரை மாட்டும் ஓசை கேட்டால், பின்னால் இருக்கும் சிறு கையும் தன் வாரைத் தேடும்.

அந்தத் தந்தையிடம் அன்று நான் ஒன்றும் வாதாடவில்லை. கீழே உருண்ட கவசத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவர் மகளின் தலையை அளந்து எழுதிய சீட்டு, மறுநாள் அவளுடைய புத்தகப்பைக்குள் சென்றது. 51 சென்டிமீட்டர். அவ்வளவுதான். நாம் காக்கவேண்டிய சுற்றளவு அது.